கத்தியைக் கீழே வைத்த கைகள்

குருமடத்தில் நாம் கிரேக்கம் பயின்ற நாள்களில், சொற்களின் வேர்களைத் தோண்டிக் காட்டுவதில் பெருவிருப்பம் கொண்ட பேராசிரியர் ஒருவர் எமக்கு வாய்த்திருந்தார். 'கைர்' என்றால் கை. 'எர்கோன்' என்றால் வேலை. இவ்விரண்டும் கூடிப் பிறந்த சொல்லே இலத்தீனில் 'கிருர்கியா' ஆகிப் பிரெஞ்சு மொழியின் வழியே ஆங்கிலத்தில் 'சர்ஜரி' என்று நிலைபெற்றது என்று அவர் விளக்கியது இன்றும் நினைவில் நிற்கிறது. ஆக, அறுவை மருத்துவர் என்பவர் சொல்லின்படி பார்த்தால் ஒரு கைவேலைக்காரர். மருந்து கொடுப்பவர் வேறு, கையால் அறுத்துத் தைப்பவர் வேறு என்னும் பிரிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

அந்தப் பிரிவு ஆழமாவதில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், தன் 18ஆம் விதியில், குருக்களும் தியாக்கோன்களும் துணைத் தியாக்கோன்களும் சுடுதல், வெட்டுதல் ஆகியவை அடங்கிய அறுவை மருத்துவத்தில் ஈடுபடலாகாது என்று தடை செய்தது. இரத்தம் சிந்தும் தொழில் பீடத்தில் நிற்பவர்க்குத் தகாது என்பதே அதன் உட்கருத்து. கல்வி பெரும்பாலும் குருக்கள் கையில் இருந்த காலம் அது. கத்தி நாவிதர் கைக்குப் போயிற்று. இந்த ஒரு விதியே எல்லாவற்றுக்கும் காரணம் என்று கூறுவது மிகையாகும்; நகரத் தொழிற்சங்கங்களின் போட்டியும் பல்கலைக்கழகங்களின் செருக்கும் அதனினும் பெரிய காரணங்கள். எவ்வாறாயினும், இலண்டனில் 1540இல் நாவிதரும் அறுவையாளரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர்; 1745இல்தான் அவர்கள் பிரிந்தனர். இன்றும் இங்கிலாந்தில் அறுவை மருத்துவரை 'டாக்டர்' என்று அழைப்பதில்லை, 'மிஸ்டர்' என்றே அழைக்கின்றனர். பழைய இகழ்ச்சி காலப்போக்கில் பெருமையாக மாறிவிட்டது. 'டாக்டர்' என்று விளித்தால் முகம் சுளிக்கும் அறுவை மருத்துவர்களும் அங்கே உண்டாம்!

எண்ணூறு ஆண்டுகளாக எழும்பி நின்ற இந்தச் சுவர் 2020ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், சில வாரங்களுக்குள், பல நாடுகளில் இடிந்து விழுந்தது. அந்தச் சில வாரங்களையும், அப்போது கத்தியைக் கீழே வைத்த இளம் பயிற்சி மருத்துவர்களையும் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

பெர்கமோ என்னும் பெயர் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. திருத்தந்தை 23ஆம் யோவான், அஞ்சலோ ரொன்காலி என்னும் குடியானவர் மகனாய் 1881இல் பிறந்த சோட்டோ இல் மோன்ட்டே அந்த மாநிலத்துச் சிற்றூர். பெர்கமோவின் பெரிய மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2020 பிப்ரவரி இறுதியில் லொம்பார்தியா பகுதியில் கொரோனாத் தொற்று வெளிப்பட்டபோது இந்த நகரமே மிகக் கடுமையாகத் தாக்குண்டது. மார்ச் 18ஆம் நாள் இரவில், சுடலையில் இடம் போதாமல், இராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை வேற்றூர்களுக்குச் சுமந்து சென்ற காட்சியை உலகமே கண்டது. அதற்கும் முன்பே, மார்ச் முதல் வாரத்தில், அந்நகரத்து மருத்துவர் ஒருவர் எழுதிய மடல் இத்தாலி எங்கும் பரவியது. இனி இங்கே அறுவை மருத்துவர் இல்லை, எலும்பு மருத்துவர் இல்லை, சிறுநீரக மருத்துவர் இல்லை, எல்லாரும் ஒரே அணியில் நிற்கும் மருத்துவர்கள் மட்டுமே என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். சுவர் இடிந்த ஓசை நமக்கு முதலில் கேட்டது அந்த மடலில்தான்.

பிரித்தானியாவில் மார்ச் 17ஆம் நாள் தேசிய நலவாழ்வுப் பணியின் தலைமை எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளை ஏப்ரல் 15ஆம் நாளுக்குள், குறைந்தது மூன்று மாதங்களுக்கு, நிறுத்திவிடுங்கள். 30,000 படுக்கைகளையாவது காலியாக்குங்கள் என்பது அதன் சாரம். நியூயார்க் மாநிலத்தில் மார்ச் 25 முதல் அவசரமற்ற அறுவைகள் நிறுத்தப்பட்டன. அறுவை அரங்குகளே தீவிர சிகிச்சைப் பிரிவுகளாக மாறின. மயக்க மருந்து கொடுக்கும் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடும் செயற்கைச் சுவாசக் கருவிகளாயின. முதியோரின் மூட்டுகளை மாற்றியமைத்துப் பெயர்பெற்ற எலும்பு மருத்துவமனைகள்கூடக் கொரோனா நோயாளிகளை ஏற்றன.

அறுவை அரங்கு மூடியதும் அங்கே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞர்களின் கதி என்ன?

பயிற்சி அறுவை மருத்துவர் என்றால் யார் என்பதைச் சற்று விளக்க வேண்டும். மருத்துவப் பட்டம் பெற்ற பின், அமெரிக்காவில் ஐந்தாண்டுகள், நம் நாட்டில் மூன்றாண்டுகள், ஒரு மூத்த மருத்துவரின் எதிரே நின்று கற்பவர் அவர். முதலில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு தையல் போடுவார். பிறகு மூத்தவரின் கண்பார்வையில் கத்தியை எடுப்பார். நூலைப் படித்துத் தேறுகிற கல்வியன்று இது. எண்ணிக் கணக்கெழுதுகிற கல்வி. அமெரிக்காவில் பொது அறுவைப் பயிற்சியை முடிப்பவர் 850 பெரிய அறுவைகளேனும் செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொன்றும் ஏட்டில் பதிய வேண்டும். தச்சன் மகன் பட்டறையில் கற்பது போல, கை பழகப் பழகத்தான் இந்தக் கல்வி ஏறும். கை சும்மா இருந்தால் கல்வியும் நின்றுவிடும்.

இத்தகையோரைத்தான் ஒரே வாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும், காய்ச்சல் வார்டுக்கும், அவசரப் பிரிவுக்கும் அனுப்பினார்கள். அமெரிக்காவில் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் குழு, நெருக்கடியின் அளவை மூன்று நிலைகளாக வகுத்தது. மூன்றாம் நிலையை அறிவித்த மருத்துவமனை தன் பயிற்சியாளர்களைத் தேவைப்படும் எந்தப் பிரிவுக்கும் அனுப்பலாம். ஆயினும் எந்த நிலையிலும் தளர்த்த முடியாத சில கட்டளைகளை அக்குழு விதித்தது: கவச உடையும் அதை அணியும் பயிற்சியும் தர வேண்டும்; மேற்பார்வையாளர் இருக்க வேண்டும்; வாரத்துக்கு 80 மணி நேர வேலை வரம்பை மீறக்கூடாது. நெருக்கடி வந்தால் விதிகளெல்லாம் காற்றில் பறக்கும் என்று எண்ணிப் பழகிய நமக்கு, எதை விடலாம், எதை விடலாகாது என்று முன்கூட்டியே எழுதிவைத்த அந்த ஒழுங்கு வியப்பைத் தருகிறது. ஏட்டில் எழுதியது எல்லா இடங்களிலும் நடந்ததா என்பது வேறு கேள்வி.

போன இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் தங்கள் கைக்குப் பழகிய வேலையையே தேடினார்கள். தீவிர சிகிச்சையில் கிடக்கும் ஒவ்வொருவருக்கும் கழுத்துச் சிரையில் ஒரு குழாய், மணிக்கட்டுத் தமனியில் ஒரு குழாய் செலுத்த வேண்டும். கவச உடைக்குள் வியர்த்து, மூடிய கண்ணாடிக்குள் பார்வை மங்கி நிற்கும் தீவிர சிகிச்சை மருத்துவருக்கு இதற்கே பாதி நாள் போய்விடும். பயிற்சி அறுவை மருத்துவர்கள் இதற்கென்று தனி அணி அமைத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகச் சென்று இந்த வேலையைத் தங்கள் மேல் ஏற்றுக்கொண்டார்கள்.

மற்றொன்று, நோயாளியைக் குப்புறக் கவிழ்த்தல். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கமாக இருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது இதயமும் பிற உறுப்புகளும் அதை அழுத்துகின்றன. கவிழ்த்தால் அது விரிகிறது. கடுமையான மூச்சுத்திணறலில் நாள்தோறும் குறைந்தது 16 மணி நேரம் இவ்வாறு கவிழ்த்து வைத்தால் 28 நாள்களுக்குள் நேரும் இறப்பு நூற்றுக்கு 33 என்பதிலிருந்து 16ஆகக் குறையும் என்று 466 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2013இல் காட்டியிருந்தது. சொல்வது எளிது. உணர்விழந்த, பெருத்த உடல்; வாய்க்குள் மூச்சுக்குழாய்; கழுத்திலும் கையிலும் குழாய்கள். ஒருவர் தலைமாட்டில் நின்று குழாயை விடாமல் பிடிக்க, ஐந்தாறு பேர் ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். குழாய் நழுவினால் உயிர் நழுவும். முதுகெலும்பு அறுவைக்காக நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, கண்ணுக்கும் கன்னத்துக்கும் பஞ்சு வைத்துப் பழகியவர்கள் எலும்பு அறுவைப் பயிற்சியாளர்கள். பல மருத்துவமனைகளில் இந்த 'கவிழ்க்கும் அணி' அவர்களாலேயே ஆனது.

கை அறிந்த வேலை அத்துடன் முடிந்துவிட்டது. சுவாசக் கருவியின் அளவுகள், இரத்த அழுத்தத்தை ஏந்தி நிறுத்தும் மருந்துகளின் கணக்கு, சோர்ந்துபோகும் சிறுநீரகம் ஆகியவையெல்லாம் மாணவப் பருவத்தில் படித்து மறந்த பாடங்கள். நேற்றுவரை அறுவை அரங்கில் உத்தரவு கொடுத்துப் பழகியவர்கள், இருபதாண்டு அனுபவமுள்ள செவிலியரிடம் 'இதை எப்படிச் செய்வது, அக்கா?' என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். (அங்கே 'அக்கா' என்ற சொல் இல்லைதான், அந்தப் பணிவு இருந்தது.)

இன்னும் ஒரு வேலை இருந்தது; யாரும் அவர்களுக்குக் கற்பிக்காத வேலை. உறவினர் எவரும் உள்ளே வர இயலாத அந்த வார்டுகளில், மாலைதோறும் வீடுகளுக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொல்வதும், சாகக்கிடப்பவரின் காதருகே கைப்பேசியை ஏந்தி மகளின் குரலைக் கேட்கச் செய்வதும் பல இடங்களில் இவர்கள் தோளில் விழுந்தது. நோயிற்பூசுதல் கொடுக்கப் போகும் நாமே வாயிற்படியில் தடுத்து நிறுத்தப்பட்ட நாள்கள் அவை. நாம் நிற்க வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு வயதுப் பிள்ளைகள் நின்றார்கள் என்பதை எண்ணும்போது நன்றியும், சொல்லத் தெரியாத ஒரு கூச்சமும் ஒருங்கே எழுகின்றன.

அவர்கள் நுழைந்த தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் இடமே எப்படிப் பிறந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. அதுவும் ஒரு கொள்ளைநோயின் பிள்ளைதான். அதுவும் தன் இடத்தைவிட்டு வேறிடத்துக்கு அழைக்கப்பட்ட ஒருவரால் பிறந்ததுதான்.

1952ஆம் ஆண்டுக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. நகரின் தொற்றுநோய் மருத்துவமனையான பிளெக்டாமில் ஜூலை இறுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை 2,700க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு மூச்சும் விழுங்கும் ஆற்றலும் செயலிழந்தன. மருத்துவமனையில் இருந்ததோ ஒரே ஓர் 'இரும்பு நுரையீரல்', மார்புக்கூடு போன்ற ஆறு சிறு கருவிகள். முதல் மூன்று வாரங்களில் அக்கருவிகளின் துணை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள்.

தலைமை மருத்துவர் லாசன் கையற்று நின்றபோது, இளைய மருத்துவர் ஒருவர், மயக்க மருந்து வல்லுநர் பியோன் இப்சனை அழைத்துக் கேட்கலாமே என்றார். அக்காலத்தில் மயக்க மருந்து கொடுப்பவர் அறுவை அரங்கின் நான்கு சுவர்களுக்குள் அடங்கியவர். காய்ச்சல் வார்டில் அவருக்கு வேலையே இல்லை. ஆயினும் அழைத்தார்கள். பிரேதப் பரிசோதனைகளையும் இரத்தச் சோதனைகளையும் பார்த்த இப்சன், மற்றவர்கள் வேறுவிதமாகப் படித்திருந்த ஓர் அளவை வேறு கண்ணால் படித்தார். இரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறது. நோயாளிகள் மூளையில் பரவிய நோயால் அல்ல, போதிய மூச்சு இல்லாமல் இறக்கிறார்கள் என்றார். அறுவை அரங்கில் நாள்தோறும் தான் செய்வதை இங்கே செய்தால் என்ன? மூச்சுக்குழலில் துளையிட்டு, குழாய் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றை ஊட்டலாம்.

ஆகஸ்ட் 27ஆம் நாள், சாகும் நிலையில் இருந்த விவி என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் இதைச் செய்துகாட்டினார். சிறுமி திமிறினாள், காற்று உள்ளே போகவில்லை. சூழ்ந்து நின்ற மருத்துவர்கள் நம்பிக்கை இழந்து வெளியேறத் தொடங்கினர். இப்சன் மயக்க மருந்து செலுத்தினார். திமிறல் அடங்கியது, பை இயங்கியது, சிறுமியின் நிறம் திரும்பியது. அவள் பிழைத்தாள், சுவாசக் கருவியின் துணையோடு 1971 வரை வாழ்ந்தாள்.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் பையை அழுத்துவது யார்? இயந்திரம் இல்லை. உச்சக்கட்டத்தில் ஒரே நேரத்தில் எழுபது பேருக்கு, இருபத்துநான்கு மணி நேரமும், கையால் மூச்சு ஊட்ட வேண்டியிருந்தது. மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து வந்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் குழந்தைகளின் தலைமாட்டில் அமர்ந்து பையை அழுத்தினார்கள். கண்ணாலேயே பேசும் குழந்தைக்குக் கதை படித்துக் காட்டிக்கொண்டே அழுத்தினார்கள். தங்கள் கைக்குள்ளேயே குழந்தை இறந்துபோவதையும் கண்டார்கள். நூற்றுக்கு 87 என்றிருந்த இறப்பு, ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்தது. மறு ஆண்டு டிசம்பரில் இப்சன் நகரின் மற்றொரு மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகளுக்கென்றே தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்தே எழுதப்படுகிறது.

எனவே 2020இல் அறுவை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைக்கு நடந்துபோன பயிற்சியாளர்கள் முற்றிலும் அந்நிய மண்ணில் கால்வைக்கவில்லை. அந்த வீட்டின் அடிக்கல்லே அறுவை அரங்கிலிருந்து சுமந்துவரப்பட்டதுதான்.

இனி, கைதட்டலுக்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சொல்ல வேண்டும். மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நம் நாட்டில் தட்டிய தட்டுகளும், அதே வாரம் பிரித்தானியாவில் வாயிற்படிகளில் நின்று தட்டிய கைகளும் நல்ல நோக்கத்தில் எழுந்தவையே. ஆனால் தட்டிவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொண்டோம். உள்ளே ஒரு கணக்கு மிச்சமிருந்தது.

அந்தப் பன்னிரண்டு வார உச்சக்கட்டத்தில் உலகெங்கும் 2 கோடியே 84 இலட்சம் அறுவைகள் தள்ளிவைக்கப்படும் அல்லது கைவிடப்படும் என்று மருத்துவர் கூட்டமைப்பு ஒன்று 2020 மே மாதத்தில் மதிப்பிட்டது. தள்ளிவைத்ததற்குப் படுக்கைத் தட்டுப்பாடு மட்டும் காரணமன்று. அறுவையை ஒட்டிக் கொரோனாத் தொற்று ஏற்பட்ட 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவர் முப்பது நாள்களுக்குள் இறந்தது தெரியவந்தது. நிறுத்தியது சரியே. ஆனால் நிறுத்தியதன் விலையும் உண்மையே. இங்கிலாந்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் பெருந்தொற்றுக்கு முன் ஏறத்தாழ 45 இலட்சமாக இருந்தது. 2023 செப்டம்பரில் 77 இலட்சத்தைத் தாண்டியது. அதில் இடுப்பு வலியோடு மாடிப்படி ஏறாமல் காத்திருந்த பாட்டிகள் எத்தனை பேர்!

பயிற்சியாளர்களின் ஏடுகளில் பக்கங்கள் வெறுமையாயின. அமெரிக்காவில் அந்த ஆண்டு முடிப்பவர்களுக்கு 850 என்னும் எண்ணில் பத்து விழுக்காடு தள்ளுபடி அளிக்கப்பட்டது. பிரித்தானியா வேறு வழியில் சென்றது. ஆண்டு மதிப்பீட்டில் '10.1', '10.2' என இரண்டு புதிய முடிவுகளைச் சேர்த்தது. முதலாவது, குறை உம்முடையதன்று, மேலே செல்லலாம் என்பது. இரண்டாவது, குறை உம்முடையதன்று, ஆயினும் பயிற்சிக் காலம் நீள வேண்டும் என்பது. இரண்டையும் நாம் சீர்தூக்கிப் பார்த்தோம். தோல்வி என்ற சொல்லை எழுதாமல் உண்மையை எழுதிய பிரித்தானிய வழியே நமக்கு நேர்மையாகத் தோன்றுகிறது. நாளை அந்தக் கத்தியின் கீழே கிடக்கப் போகிறவர் நோயாளி அல்லவா? எண்ணைக் குறைத்துவிடலாம்; அறியாமையை அப்படிக் குறைக்க முடியாது.

நம் நாட்டில் இச்சுமை வேறு உருவில் வந்தது. 2021ஆம் ஆண்டு இரண்டாம் அலையின்போது, ஏப்ரலில் நடக்க வேண்டிய பட்டமேற்படிப்பு நுழைவுத்தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. மருத்துவர்களைக் கொரோனாப் பணியில் நிறுத்திக்கொள்வதே நோக்கம். தேர்வு செப்டம்பர் 11ஆம் நாள் நடந்தது. அதன் பின் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கால் கலந்தாய்வு தடைப்பட்டு, 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. இதன் பொருள் யாதெனில், மூன்று ஆண்டு மாணவர்கள் சேர்ந்து இழுக்க வேண்டிய தேரை ஏறத்தாழ ஓர் ஆண்டுக்காலம் இரண்டு ஆண்டு மாணவர்களே இழுத்தார்கள். 2021 டிசம்பரில் தில்லியின் பயிற்சி மருத்துவர்கள் தெருவில் இறங்கியபோது, 'டாக்டர்கள் போராடலாமா?' என்று கேட்டவர்கள் நம் பங்கிலும் இருந்தார்கள். முந்திய ஆண்டு அவர்களுக்காகத் தட்டை எடுத்து வந்து தட்டியவர்கள்தாம்!

நம் பங்கு மக்களுள் ஓர் இளைஞர். தந்தை இல்லை, தாய் தையல்காரர். பொது அறுவை மருத்துவத்தில் 2019இல் பட்டமேற்படிப்பில் சேர்ந்தார். 2020 மே முதல் கொரோனா வார்டு. பணி முடிந்து தனிமைப்படுத்தும் நாள்களும் கழிந்து வீட்டுக்கு வந்தாலும் வாசலிலேயே நிற்பார். தாய் சோற்றுத் தட்டை மதிற்சுவரின் மேல் வைத்துவிட்டு உள்ளே போவார். பிறகே இவர் வந்து எடுப்பார். அந்த ஆண்டு செப்டம்பரில் நம் பங்கு இல்லத் திண்ணைக்கு வந்து, மூன்று முழம் தள்ளி ஒரு நாற்காலியில் அமர்ந்தார்.

"சாமி, கத்தியைத் தொட்டு நாலு மாசம் ஆகுது. தப்பா நினைக்காதீங்க. வார்டுல போறதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. ஆனா நான் ஆபரேஷன் கத்துக்கத்தானே வந்தேன்? மூணு வருசம் முடிஞ்சு 'சர்ஜன்'னு போர்டு மாட்டிக்கிட்டா, வர்ற ஆளு என்னை நம்பித்தானே படுப்பாரு?"

நாம் அவருக்கு என்ன சொல்வது? இறையியலில் தியாகம் பற்றிப் படித்தவை பல நாவின் நுனிவரை வந்தன. எதையும் சொல்லவில்லை. தன் இளமையின் ஓராண்டைத் தருவது அவர் தரக்கூடிய கொடை. வரப்போகும் நோயாளியின் பாதுகாப்பு அவர் கையில் உள்ள கொடையன்று. அந்த வேறுபாட்டை அவர் நம்மைவிடத் தெளிவாகக் கண்டிருந்தார்.

பேசிக்கொண்டிருந்தபோதே அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். தாயின் தையல் பெட்டியில் எடுத்த கறுப்பு நூல். பார்வை நம்மீது இருக்க, இடக்கை மட்டும் நாற்காலியின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. ஒற்றைக்கை முடிச்சு, அறுவையில் இரத்தக்குழாயைக் கட்டும் முடிச்சு. வார்டில் இரவுப் பணியிலும் கட்டில் கம்பியில் இப்படிப் போட்டுப் பழகுவதாகச் சொன்னார். "கை மறந்துடக் கூடாது, சாமி."

அவர் 2022இல் தேர்வு எழுதித் தேறினார். பயிற்சி போதாது என்று தாமே முடிவுசெய்து, மேலும் ஓராண்டு ஒரு மூத்த மருத்துவரிடம் உதவியாளராக நின்றார். அரசு விதி எதுவும் அவரை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. இப்போது ஒரு மாவட்டத் தலைநகரில் பணி செய்கிறார். சென்ற உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது நம்மைக் காண வந்தார். அதே நாற்காலியைத்தான் இழுத்துப்போட்டோம். கைப்பிடியில் அந்தக் கறுப்பு முடிச்சுகள் வரிசையாக இன்னும் இருந்தன. எண்ணிப் பார்த்தார், பதினேழு. நான்காவது முடிச்சு சரியில்லை என்று சொல்லி, அதை அவிழ்க்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டார்.